வலிக்காத ரிட்டெய்னர்

ரிட்டெய்னர் வலிக்காமல் உட்கார்ந்தது. கம்பியைக் கழற்றிய பின் பல் நகராமல் பிடித்துவைக்கும் அந்த அச்சை, அக்கா இறந்ததிலிருந்து அவள் மாட்டவே இல்லை. இத்தனை நாள் விட்டால் பற்கள் பழைய இடத்துக்கு நகர ஆரம்பித்துவிடும், மறுபடி மாட்டும்போது உயிர் போகும் என்று பல் டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் பல்பு எரியாத குளியலறையில், ஈரச் சோப்பின் வாடைக்கும் குழாய் சொட்டும் சத்தத்துக்கும் நடுவே, அது மேலண்ணத்தில் டிக் என்று பதிந்துகொண்டது. சந்தேகம் வந்தது; அவளுக்கு எதிலும் வரும். கழற்றிக் கூடத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

இளஞ்சிவப்பு. அவளுடையது நீலம்.

இருவருக்கும் ஒரே டாக்டர்தான் கம்பி போட்டார். அக்காவின் ரிட்டெய்னர் டப்பாவைத் தூக்கிப் போட யாருக்கும் கை வரவில்லை. அவளுடையதன் பக்கத்திலேயே அலமாரியில் இருந்தது.

"பல்லு உள்ள போனா உதடும் உள்ள போகும். மூஞ்சியே மாறிடும், பாரேன்" என்று அவளுக்குக் கம்பி போட்ட அன்று டாக்டர் சொன்னார்.

"மாறட்டும் டாக்டர். இப்போ இவ வர்றதுக்கு முன்னாடி இவ பல்லு வந்துடுது" என்று அக்கா சிரித்தாள்.

இப்போது கூடத்துக் கண்ணாடியில் அவள் உதடுகள் உள்ளே போயிருந்தன. டாக்டர் கொண்டுவந்த அளவைவிட உள்ளே. தாடை கூர்ந்திருந்தது. சிரிக்காமலே கன்னத்தில் ஒரு குழி. அக்காவின் குழி. வெளிச்சம் ஏமாற்றுகிறதோ என்று முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி, பயம் தன்னுடையதாகவே இல்லை. அக்காவைப் புதைத்த அன்றும் இப்படித்தான், அழுகை வரவில்லை.

நீல ரிட்டெய்னரை எடுத்து அழுத்தினாள். பொருந்தவில்லை. இன்னும் அழுத்தினாள். ரத்தம் உப்புக் கரித்தது. வலி இல்லை.

அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை.

"பெரியவளே! எங்கடி போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா?"

நான் சின்னவம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் சிரித்தது.

"சிரிப்பப் பாரு. சின்னவ எங்கடி? இருட்டிடுச்சு, இன்னும் காணோம்."

அம்மா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சின்னவளே!"

"வந்துட்டேம்மா."

அவளுடைய சொந்தக் குரல். வெளியிலிருந்து.

அம்மா போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். நகர்ந்து வழிவிட்டாள்.

மூடாத உதடுகள். முன்னே தள்ளிய பற்கள். கம்பி போடுவதற்கு முன்பிருந்த, அவளுடைய முகம்.

பல் இடுக்குகளில் ஈர மண்.