விஷாலுக்கு ஒன்பது பொருத்தம்

போன் அலறியபோது ஜம்புலிங்கம் ஒரு கொலையின் நடுவில் இருந்தார்.

கத்தி மேலே போய்விட்டது. கீழே இறங்க வேண்டும். எங்கே இறக்குவது என்பதில்தான் இழுபறி. கழுத்திலா? போன மாத நாவலிலும் கழுத்துதான். நெஞ்சிலா? அது அதற்கு முந்தின மாதம்...

மறுபடியும் போன்!

பேனாவை மூடிவிட்டு எடுத்தார்.

"ஹலோ..."

"எழுத்தாளர் ஜம்புலிங்கமா?"

பெண் குரல்!

ஜம்புலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுபத்தோரு க்ரைம் நாவல் எழுதியவர். கள்ளிக்குப்பத்தில் அவர் வசிக்கும் தெருவில் அவரைக் 'கரண்ட் பில் கட்டாத மாடி வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். இன்று ஒரு வாசகியே தேடி வந்துவிட்டாள்.

"நானேதாம்மா. எந்த நாவல் படிச்சீங்க? சங்கோஜப்படாம சொல்லுங்க."

"இன்ஸ்பெக்டர் ஜமீலா பேசறேன். விஷால் எங்க?"

"எ... எந்த விஷால்?"

"வயசு இருபத்தொம்பது. கப்பல்ல இன்ஜினியர். அப்பா அம்மா உயிரோட இல்ல. சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி."

அந்த விஷாலை ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். அவனைப் பெற்றவரே அவர்தான்! அவனுடைய அப்பா அம்மாவை விபத்தில் கொன்றதும் அவர்தான். அவர்களுக்கு வேறு பெயர் யோசிக்க வேண்டுமே என்ற சோம்பேறித்தனத்தில் கொன்றது.

"மேடம்... விஷால்னு ஒருத்தன் இல்லவே இல்ல. அது என் கேரக்டர். கற்பனை!"

"கற்பனையா? ஜெயப்பிரியான்னு ஒரு பொண்ணு, 'விஷால் வந்துட்டாரு, பார்க்கப் போறேன்'னு காலைல ஏழு மணிக்கு அவங்கப்பாவுக்கு மெசேஜ் போட்டுட்டு கிளம்பியிருக்கா. இப்ப மணி பதினொன்னு. போன் ஸ்விட்ச் ஆஃப். நாளைக்கு அவளுக்கும் உங்க கற்பனைக்கும் நிச்சயதார்த்தம்! கால் மணி நேரத்துல ஸ்டேஷனுக்கு வாங்க. இல்லன்னா ஜீப் வரும்."

லைன் செத்தது.

இங்கே ஜம்புலிங்கத்தின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாவலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பூர்வ கதை எழுதி வைப்பார். எங்கே பிறந்தான், என்ன படித்தான், எதற்காகக் கெட்டுப்போனான், எல்லாம். அதற்கென்று வெள்ளைத்தாள் வாங்குவாரா? மாட்டார். அவர் மனைவி நாகவல்லி அம்பத்தூரில் வரன் தகவல் மையம் நடத்துகிறாள். அங்கிருந்து வரன் படிவங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். பெயர், ஊர், படிப்பு, உயரம், நிறம் என்று எல்லாம் அச்சடித்தே இருக்கும். இவர் நிரப்ப வேண்டியதுதான். முன்பக்கம் ஊருக்குத் தெரிந்த வாழ்க்கை. பின்பக்கம் அவன் செய்யப்போகும் அட்டூழியம். ராசிக் கட்டம் ஒன்று காலியாக இருக்குமே? அதில் தன்னுடைய ஜாதகத்தையே காப்பியடித்துவிடுவார்.

அப்படி ஒரு தாள்தான் எப்படியோ நாகவல்லியின் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

*

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது.

"யோவ்! எம் பொண்ணு எங்கயா கீறா?"

வேப்பம்பட்டு தேவராஜ். பெண்ணைத் தொலைத்த அப்பா. அறுபது வயது, வெள்ளை வேட்டி, சிவந்த கண்கள்.

"தேவராஜ், உக்காருங்க!" என்று அதட்டினாள் இன்ஸ்பெக்டர் ஜமீலா.

மூலையில் நாகவல்லி நின்றிருந்தாள். ஜம்புலிங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னை எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"ஃபாரத்துல உங்க சம்சாரத்தோட மையத்து பேரு இருந்துச்சு. இது யாரு கையெழுத்துன்னு கேட்டோம். ஒரு செகண்ட் கூட யோசிக்கல. உங்களைக் காட்டிக் குடுத்துட்டாங்க."

"வல்லி!"

"என்ன வல்லி? கோழி கிளறின மாதிரி எழுத்து, ஊருக்கே ஒன்னுதான் இருக்கு."

"அப்ப ஃபாரத்தை இவரு கைல குடுக்கும்போது தெரியலையா?"

"நட்சத்திரத்தையும் வேலையையும் பார்த்தேன். கையெழுத்தை எவ பார்த்தா? ஜோசியர் ஒன்பது பொருத்தம்னாரு. ஒன்பது! எனக்கும் உங்களுக்கும் அஞ்சுதான். அதே ஜாதகத்துக்கு வேற பொண்ணு கூட ஒன்பது பொருந்துது பாருங்க!"

ஜமீலா மேஜையைத் தட்டினாள். தாளைப் புரட்டினாள்.

"இதைப் படிங்க. சத்தமா."

ஜம்புலிங்கம் படித்தார்.

"நல்லவன் போல் நடிப்பான்... அத்தியாயம் நாலு, முதல் மனைவியைக் கடலில் தள்ளுகிறான். அத்தியாயம் ஒன்பது, இரண்டாம் மனைவிக்கு விஷம். அத்தியாயம் பதினாலு, மூன்றாம் மனைவி... எப்படி என்று யோசிக்க வேண்டும்."

தேவராஜ் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இன்னிக்கு காலைலதான் திருப்பிப் பார்த்தேன்மா... ஒரு வருஷமா சாமி படத்துக்கிட்ட வச்சிகினு இருந்தேன்மா..."

"அந்த மூணாவது யாரு?" ஜமீலாவின் குரல் தணிந்தது. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது. "ஜெயப்பிரியாவா?"

"ஐயோ மேடம்! அத்தியாயம்னு எழுதியிருக்கேனே!"

"அது இன்னா சார், கோடு வேர்டா?" என்றான் கான்ஸ்டபிள் அருள்.

ஜம்புலிங்கம் பையிலிருந்து தன் நாவல்கள் ஆறை எடுத்து மேஜை மேல் பரப்பினார். "நான் ரைட்டர்ப்பா! பாரு!"

அருள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"அட, இத்த நான் பட்ச்சிகிறேன் மேடம். கொலகாரன் மூஞ்சிய அட்டைலயே போட்டு வச்சிருப்பாரு. வேஸ்ட்டு." சொல்லிவிட்டு, தாளில் ஒட்டியிருந்த விஷாலின் போட்டோவைக் குனிந்து பார்த்தவன் துள்ளினான். "மேடம்! இந்த ஆளு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ்ல வேட்டி கட்டிகினு நிக்கிறவரு!"

"ஆமா!" ஜம்புலிங்கம் கிட்டத்தட்ட அழுதார். "நோட்டீஸ்லேர்ந்து வெட்டி ஒட்டினேன். அப்பத்தான் எழுத மூடு வரும். இப்பவாவது நம்புங்க, விஷால்னு ஒருத்தன் இல்ல!"



ஜமீலா மெதுவாகக் கேட்டாள்.

"சரி. இல்ல. அப்படின்னா ஒரு வருஷமா தேவராஜுக்கு தினமும் மெசேஜ் அனுப்பறது யாரு?"

ஜமீலா அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க எழுதின ஆளோட வேஷத்தை எவனோ போட்டிருக்கான். பின்பக்கத்தையும் அவன் படிச்சிருப்பான். பொண்ணு இப்ப அவன் கூட இருக்கா. சாயங்காலத்துக்குள்ள அவ முழுசா வரலைன்னா, கடத்தலுக்குத் திட்டம் போட்டுக் குடுத்தது நீங்கதான்னு எழுதுவேன். உங்க கைப்பட எழுதின ஆதாரம் இருக்கு. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அறுபத்தோரு நாவலில் எத்தனை அப்பாவிகளை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார்! களி எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட விசாரித்து எழுதியதில்லை.

"மேடம்... அந்த மெசேஜை நான் பார்க்கலாமா?"

தேவராஜ் போனை நீட்டினார்.

"பேசினதே இல்லியா?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

"கப்பல்ல டவர் இல்லபா. மெசேஜ்தான். தங்கமான புள்ள. டெய்லி காத்தால 'மாமா, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா'ன்னு கேப்பாரு."

ஜம்புலிங்கம் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது.

'மாமா, ஜெயப்பிரியா அந்த ரயில்வே பரீட்சையை எழுதட்டும். எனக்கு வேலைக்குப் போற பொண்ணுதான் பிடிக்கும்.'

'மாமா, அவளை ராத்திரி கண்முழிச்சுப் படிக்க விடுங்க. லைட்டை அணைக்காதீங்க.'

'மாமா, கல்யாணத்துக்கப்புறம் அண்ணனூர்ல வீடு பார்க்கலாம். வேலைக்கு நடந்தே போயிடலாம்.'

"இது என் விஷால் இல்ல!" என்று கத்தினார்.

"அதான் சொல்லிகினு கீறீங்களே" என்றான் அருள்.

"இல்லப்பா! என் விஷால் பொண்டாட்டியை வாசப்படி தாண்ட விடமாட்டான். யாரோ அவனுக்கு வேற பூர்வ கதை எழுதியிருக்காங்க. மேடம், எந்த மெசேஜை எடுத்தாலும் லாபம் யாருக்குன்னு பாருங்க. விஷாலுக்கு ஒன்னும் இல்ல. எல்லாமே அந்தப் பொண்ணுக்கு!"

ஜமீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் இது. 'அண்ணனூர்லேர்ந்து வேலைக்கு நடந்தே போகலாம்.' விஷாலுக்கு வேலை கப்பல்ல. அண்ணனூருக்கு எந்தக் கப்பல் மேடம் வரும்?"

ஜம்புலிங்கம் போனை ஜமீலாவிடம் நீட்டினார்.

"அங்க இருக்கறது ரயில் ஷெட்டு" என்றார் ஜம்புலிங்கம்.

ஜமீலா தொப்பியை எடுத்துக்கொண்டாள். "அருள்! வண்டியை எடு!"

*

மதிய வெயில் பொசுக்கியது. அண்ணனூர் மின்சார ரயில் ஷெட்டின் கேட்டில் ஜமீலா விசாரித்தாள். செக்யூரிட்டி உள்ளே ஆள் அனுப்பினார். தேவராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தபடி இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

நீல நிறச் சட்டை, பேன்ட். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கன்னத்தில் கிரீஸ். ஜெயப்பிரியா நடந்து வந்தாள். முழுசாக, உயிரோடு!

"அப்பா..."

தேவராஜ் அவளைத் தடவித் தடவிப் பார்த்தார். "உன்ன ஒன்னும் பண்ணலியேமா? அவன் எங்க?"

"யாருப்பா?"

"மாப்ள!"

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாப்ள இல்லப்பா. நான்தான்."

"இன்னாது?"

"அந்த மெசேஜெல்லாம் நான் அனுப்பினது. இன்னொரு சிம் வாங்கி. நீங்க வரன் ஃபாரம் கொண்டு வந்த அன்னைக்கே திருப்பிப் பார்த்தேன். கதைன்னு தெரிஞ்சுது. நீங்க திருப்பவே இல்ல. மாசத்துக்கு நாலு வரன் கொண்டு வந்தீங்க. ஒருத்தனை ஓகே சொல்லிட்டா மத்தவன் வர மாட்டான். இவன் கப்பல்ல இருந்தான். எனக்கு வசதியா இருந்துச்சு."

"ஏம்மா... எங்கிட்ட நேரா சொல்லக்கூடாதா?"

"சொன்னேனேப்பா! பரீட்சை எழுதறேன்னு நான் கேட்டப்ப புக்கைத் தூக்கிப் பரண்ல போட்டீங்க. மாப்ள கேட்டதும் நீங்களே ஏறி எடுத்துக் குடுத்தீங்க. இன்னிக்கு வேலைல சேரணும், இல்லன்னா ஆர்டர் கேன்சல். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் என்னை வெளிய விடுவீங்களா? போனை கேட்லயே வாங்கி வச்சுட்டாங்க. சாயங்காலம் வந்து கால்ல விழலாம்னு இருந்தேன்."

தேவராஜ் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"அப்போ... டெய்லி சாப்டீங்களான்னு கேட்டது?"

"நான்தான்."

"மாத்திரை?"

"நான்தான்பா. பக்கத்து ரூம்லேர்ந்து. முன்ன எல்லாம் நேர்ல கேட்டா நீங்க 'ம்'முன்னு கூட சொல்ல மாட்டீங்க. மாப்ள கேட்டா நாலு வரி பதில் போட்டீங்க."

அந்த மனிதர் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. தாங்க முடியாத வெட்கம். பிறகு எழுந்து, மகளின் கன்னத்து கிரீஸைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"மதியம் சோறு துன்னியாமா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா."

"இரு. வாங்கியாறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஹோட்டலைத் தேடி நடந்தார்.

ஜெயப்பிரியா ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "விஷாலை எழுதினது நீங்களா சார்?"

இவர் காலரைச் சரிசெய்துகொண்டார். "நானேதாம்மா."

"ரொம்ப சப்புன்னு இருந்தான் சார். அவனை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. என்ன குழம்பு பிடிக்கும்னு அப்பா கேட்டாரு, உங்க ஃபாரத்துல இல்ல. கத்திரிக்காய் காரக்குழம்புன்னு வச்சேன். ஏன் கப்பல் வேலைன்னு கேட்டாரு. சின்ன வயசுல கிணத்துல விழுந்தான், தண்ணி பயம் போகணும்னே கடலுக்குப் போனான்னு எழுதினேன். அன்னைக்கு அப்பா அழுதுட்டாரு சார்."

ஜம்புலிங்கம் சட்டைப்பையில் கை விட்டுப் பேனாவை எடுத்தார். கத்திரிக்காய், கிணறு என்று உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். கல்லால் அடித்தது போல் இருந்தது. அவர் இத்தனை வருஷமாக எத்தனையோ பேரைப் பிறப்பித்திருக்கிறார். ஒருத்தனுக்குக்கூட என்ன குழம்பு பிடிக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

"மேடம்," என்றார் தயங்கி, "என் மேல கேஸ்?"

"பொண்ணு கிடைச்சாச்சு. கேஸ் இல்ல. போங்க."

விட்டால் போதும் என்று நடையைக் கட்டினார்.

"சார்! ஒரு நிமிஷம்!"

ஜமீலாவேதான்! ஜம்புலிங்கம் அப்படியே நின்றார். போச்சு... மனசு மாறிவிட்டாள்!

அவள் அருள் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மா மூணு வருஷமா எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டே இருக்காங்க. எனக்கும் ஒருத்தரை எழுதிக் குடுங்க சார். சவுதில வேலை, ரொம்ப நல்ல மனுஷன்... ஆனா அஞ்சு வருஷத்துக்கு அவருக்கு லீவே கிடைக்கக் கூடாது!"