எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவள்

"அம்மா, இத்தனை அம்பு தைத்தும் இவர் ஏன் அழவில்லை?"

கடற்கரைக் கோயில் ஒன்றில், செபஸ்தியார் படத்தின் முன் நின்று ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். தாய் அந்தப் புனிதரின் கதையைச் சொன்னாள். அன்று மாலையே கருங்குன்றத்துப் படை ஊரை எரித்து, சிறுமியையும் தூக்கிச் சென்றது.

வாசகர்களே, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், பொருநை நதியின் மீது நிலவு வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கிய அந்தி வேளையில், கருங்குன்றத்துப் பாளையக்காரரின் பாசறையிலே அதே புனிதரின் படம் ஒன்று விரிக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்த பரதவன் மிக்கேல் கட்டுண்டு நின்றான்.

"மகாராஜா, நடுகல்லில் செதுக்கும் கோலமல்லவா இது?" என்றார் தளபதி வீரமல்லர். "நம் வில்லாளிகள் கொன்றவனையும், காலடியில் அழும் மனைவியையும் எழுதியிருக்கிறார்கள். பழிவாங்க ஆள் திரட்டுகிறான். இவன் தலையை வாங்குங்கள்."

"சாமி, கொள்ளைநோய் கண்ட ஊருக்கு வேண்டுதலுக்குக் கொண்டு போறேன்."

"நோய்க்கு அம்பா மருந்து? பலே வைத்தியன்!" என்றார் வீரமல்லர்.

சபை சிரித்தது. பாளையக்காரர் ஆணையிடக் கை உயர்த்தினார். ராணியின் பின்னால் நின்ற தோழி செங்கமலம் கவரி வீசுவதை நிறுத்தினாள். பேசினால் அவள் பிறப்பு வெளிப்படும். பேசாவிட்டால் ஒரு தலை உருளும்.

"பொறுத்தருள வேண்டும், மகாராஜா! அவள் மனைவியல்லள், இரேனாள் என்னும் கைம்பெண். அரசன் ஆணையால் எய்யப்பட்டவரைப் புதைக்க வந்தவள், மூச்சிருப்பதைக் கண்டு அம்புகளைப் பிடுங்கிப் பிழைக்க வைத்தாள். அவள் கையிலிருப்பது எண்ணெய்க் கிண்ணம். பழிவாங்கத் தூண்டும் படத்தில் மருந்து எதற்கு?"

பாளையக்காரர் படத்திலிருந்த கிண்ணத்தை உற்று நோக்கி, உயர்த்திய கையைத் தாழ்த்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பெயர் செங்கமலம் அன்று. தங்கள் படை எரித்த ஊரில் எனக்கு இட்ட பெயர் இனாசியாள்."

ராணியின் முகம் கறுத்தது. "பெயரை மறைத்தா என் கூந்தலை வாரினாய்? இனி என் கண்ணில் படாதே!"

இருவரும் உடனே பாசறையை விட்டு நீங்க ஆணை பிறந்தது. கட்டவிழ்ந்த மிக்கேல் படத்தைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"இத்தனை வருஷம் அரண்மனைச் சோறு ருசிச்சிருக்கு. இன்னிக்குத்தான் பேரு ஞாபகம் வந்துச்சோ?"

சேவகர்கள் நகைத்தார்கள். அவன் நொண்டியபடி வெளியேறினான். உயிரைக் காத்தவளுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது.

மாற்றுச் சேலை ஒன்றுடன் இனாசியாள் துறைக்கு வந்தபோது வழியனுப்ப எவருமில்லை. கரையில் மிக்கேல் வந்த ஓடம் கட்டியிருந்தது. உள்ளே துடுப்பு, ஒரு குடம் நீர், ஓலையில் பொதிந்த கருவாடு. சேற்றில் ஒற்றைக் காலை இழுத்து நடந்த சுவடுகள் முள்காட்டுக்குள் சென்றன. அவ்வழியே கடற்கரைக்கு மூன்று நாள் நடை.