மிக அருகில் கிடைத்தது

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிரித்துக்கொண்டிருந்த சுண்டுவின் முகம் வெள்ளைக் காகிதமாகிக் கிடந்தது. வேறெங்கோ இருக்கும் கோப்பைச் சுட்டும் ஷார்ட்கட்டுகளின் இடது ஓரத்தில் இருக்குமே, அந்த வளைந்த சின்ன அம்புக்குறி, அது மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுபவள் அவள். மகன் சுண்டு குளிக்கும்போது சிரித்த சிரிப்பை அப்பாக்காரன் வீடியோ எடுத்து வைத்திருந்தான். வேலை கழுத்தை நெரிக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். அந்த வெள்ளைக் காகிதத்தை அழுத்தினாள். கோப்பைக் காணவில்லை, தேடப்படுகிறது என்றது கம்ப்யூட்டர். திரையில் ஒரு குட்டி டார்ச் இடமும் வலமும் அலைந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, சுண்டு வீடியோவ எங்கயாவது மாத்தி வச்சீங்களா?"

"உன் கம்ப்யூட்டரத் தொட்டுட்டு நான் உயிரோட இருக்க முடியுமா? பையன் என்ன பண்றான்?"

"உள்ள தூங்குறான்."

வைத்துவிட்டாள். மழை மூட்டத்தில் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கம்ப்யூட்டரின் இரைச்சலுக்கும், சூடேறிய தூசி வாடைக்கும், ஜன்னல் கம்பியில் விட்டு விட்டுச் சொட்டும் நீருக்கும் நடுவே, உள் அறைக் கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கீற்று மெல்ல ஊர்ந்து போவதைக் கண்டாள். திரையில் டார்ச் வலப்பக்கம் போனது. கதவடியிலும் வலப்பக்கம். திரும்பியது. அங்கேயும் திரும்பியது.

நின்றது.

ஓடப் போனவளைத் திரையில் வந்த கேள்வி மறித்தது. தேடியது இல்லை, அளவிலும் தேதியிலும் மிக அருகில் இது கிடைத்தது, மாற்றிக்கொள்ளவா? நாள் முழுக்க வருகிற கேள்விதான். படிக்காமலே 'ஆம்' தட்டித் தட்டி, ஒரு மாப்பிள்ளைக்கு வேறு வீட்டு மணப்பெண்ணை ஒட்டிக்கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படியும் கை திருந்தவில்லை. தட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் படித்தாள். தேதி, சுண்டு பிறந்த தேதி. இடம், உள் அறைக் கட்டில்.

வீடியோ ஓடத் தொடங்கியது. குளியலறை இல்லை. தூங்கப் போட்டபோது மாட்டிவிட்ட நீலச் சட்டையோடு சுண்டு நின்றான். திரைக்கு உள்ளேயிருந்து கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தான். சத்தமே இல்லை. வாய் மட்டும் அம்மா, அம்மா என்றது.

"சுண்டு!"

உள் அறைக் கதவு திறந்தது. சோப்பு வாசனை.

துண்டு சுற்றிய சின்ன உடம்பு சொட்டச் சொட்ட நின்றது. சிரித்தது. அதே சிரிப்பு. கடைசியில் வரும் விக்கல் வரைக்கும் அதே. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து சிரித்தது. ஓர் அடி எடுத்து வைத்தது.

அந்த ஈரப் பாதத்தின் இடது ஓரத்தில், வளைந்த சின்ன அம்புக்குறி.