எதிர்வரிசை நாற்காலிகள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தத் தெருவில் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. தங்கள் கிழட்டுக் கோலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

தூத்துக்குடியில் இப்போது தெருவுக்கு ஒரு வருநிழல் கூடம் இருக்கிறது. மாடியில் தெருக்காரர்கள் வரிசையாக உட்காருவார்கள். எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்குள்ளும் அதே வரிசை, அதே நாற்காலிகள். அவற்றில் அவர்களே, இருபது வருடம் கழித்து இருக்கப்போகும் கோலத்தில், உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை சர்க்கரையையும் அழுத்தத்தையும் மூச்சையும் ஓயாமல் கூடத்துக்குச் சொல்லும். கூடம் அதை வைத்து ஆளை வரைந்துவிடும். சில நிழல்களுக்கு ஒரு கால் இருக்காது. சிலவற்றுக்குக் கண் வெளுத்திருக்கும். சில நாற்காலிகளில் யாருமே இருக்க மாட்டார்கள்.

முகாம் போட்டுச் சர்க்கரை பார்க்கக் கூப்பிட்டால் பின்வாசல் வழியாக நழுவிய ஜனம்தான் இது. காலி நாற்காலியைக் கண்டதும் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி எறிந்தது.

டென்சில் மட்டும் எறியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முதல் வாரமே அவன் நாற்காலி காலியாகத் தெரிந்தது. சிரித்துவிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போனான். பயந்தது அவன் மனைவி பிரிஸ்காதான். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் அசையவில்லை. பட்டை அரிக்கிறது என்று அவன் கழற்றிப் போட்டபோது அதை எடுத்துத் தன் இடது கையில் கட்டிக்கொண்டாள். வலது கையில் அவளுடையது இருந்தது. பட்டைக்கு யார் கை என்று கவலையில்லை, சூடான தோல் இருந்தால் போதும். தன் நாடியை ஒருவர் இன்னொருவருக்கு இரவல் கொடுப்பார் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. இந்த ஊர்ப் பெண்களை அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

அவள் கடற்கரைச் சாலையில் நடந்தாள், உப்பைக் குறைத்தாள். சில மாதங்களில் டென்சிலின் நாற்காலி நிரம்பியது. முதுகு வளையாத, மினுமினுப்பான ஒரு கிழவன். தன் உடம்பு இரும்பு என்று டென்சில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். பட்டை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. சட்டை எப்படி வெளுக்கிறது என்றும் அவன் கேட்டதில்லை.

ஒரு மதியம் கிரேன் கூண்டுக்குள்ளேயே அவன் இதயம் நின்றுபோனது.

கூடத்துப் பணியாளர் முத்துச்செல்வி வந்து பட்டையைக் கேட்டாள். சவப்பெட்டியோடு புதைத்துவிட்டதாகப் பிரிஸ்கா பொய் சொன்னாள். கழற்ற மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தபோது எதிரே அவளுடைய கிழவிக்குப் பக்கத்தில் டென்சில் இருந்தான். புதைத்த மண் காயவில்லை. அவன் எழுபதைத் தாண்டி நலமாக இருந்தான்.

தெருவே பார்த்தது. ஆண்கள் மெஷின் கோளாறு என்றார்கள். பெண்கள் வாயே திறக்கவில்லை. தன்மேல் உள்ள இரக்கம் என்று பிரிஸ்கா நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் கூடத்துக்குப் போனதெல்லாம் அவனைப் பார்க்கத்தான். ஒருநாள் அழுகை முட்டி மூச்சை அடக்கினாள். எதிரே டென்சிலின் மார்பும் அசைவற்று நின்றது. விட்டாள். அவனும் விட்டான். முந்தானைக்குள் இருந்த தன் இடது கையைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஜஸ்டின் படியேறி வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். டென்சிலோடு வேலை பார்த்தவன். வாய் பிளந்து இரைத்தது, சட்டை நனைந்திருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் அவன் கிழவன் நிதானமாக மூச்சு விட்டான், முன்பே வந்து உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரெஜியின் கிழவியோடு சேர்ந்து, அதே ஏற்றம், அதே இறக்கம். பிரிஸ்கா வரிசை முழுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு கிழவனும் தன் கிழவியோடு சேர்ந்தே மூச்சு விட்டான். இந்தப் பக்கம் பெண்களின் இடது கைகளெல்லாம் முந்தானைக்குள் இருந்தன. அவர்கள் வாய் மூடியிருந்தது இரக்கத்தால் அல்ல, பயத்தால்.

டென்சிலை நடந்து நடந்தே கொன்றுவிட்டோம் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது தெருவே நடக்கிறது.

அவள் ரெஜி பக்கம் குனிந்தாள். "ரெஜி, கழட்டிரு."

"கழட்டுனா இவுக போயிருவாகளேக்கா."

"கழட்டாமத்தான் எங்க வீட்டுல உள்ளவுக போனாக."

ரெஜி அசையவில்லை. பிரிஸ்கா எதிரே இருந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். தீரவில்லை. இடது கைக் கொக்கியை விடுவித்தாள். டென்சில் இருந்த இடத்தில் வெறும் நாற்காலி இருந்தது.

பின்வரிசையில் எங்கோ ஒரு கொக்கி சொடுக்கியது. அப்புறம் இன்னொன்று. கண்ணாடிக்குள் கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராக இல்லாமல் போனார்கள். கடைசியில் ரெஜியும் கழற்றினாள்.

"ஏட்டி," என்றான் ஜஸ்டின், "நான் எங்க?"

ரெஜி பட்டையை அவன் கையில் கட்டினாள். அவன் வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கூடம் கணக்குப் போட ஒரு நிமிடம் எடுக்கும். எல்லோரும் எதிரே பார்த்தபடி இருந்தார்கள்.

நிமிடம் முடிந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. அதன் பக்கத்தில் ரெஜியின் கிழவி மட்டும் வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.