பாசி தின்னாத பத்துக் கோழிகள்

செங்கமலத்தின் கொட்டகையில் எட்டாயிரம் கோழிகள். அத்தனையின் காலிலும் துருமானி வளையம் பச்சையாக எரிந்தது. ராசிபுரம் வட்டாரத்தில் பண்ணை வைத்தால் வளையம் கட்டாயம். வைரஸ் புகுந்த கோழியின் உடலை, இரும்பைத் துரு தின்பதுபோல, உள்ளுக்குள் ஒன்று அரிக்கும். வளையம் அதை இரத்தத்தில் மோப்பம் பிடித்துச் சிவக்கும். உடனே பண்ணைக் கதவு தானாக அடைபடும், அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை போகும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒருமுறை வளையங்கள் சிவந்தன. கழுத்து துவண்டு, மூச்சுக்கு ஏங்கிக் கோழிகள் செத்ததைப் பார்த்தபின் செங்கமலத்துக்கு நெடுநாள் சோறு இறங்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் சுருள்பாசியையும் முருங்கை இலையையும் நெல்லிச் சக்கையையும் அளவு மாற்றி மாற்றிக் கலந்து, துருவை அடக்கும் தீவனத்தைக் கண்டுபிடித்தாள். படித்தவர்களே அசந்து போனார்கள். இப்போது மாவட்டம் முழுக்க அவள் பாசித்தீவனம்தான். சிவப்பு என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வள்ளாத்தா முப்பது நாட்டுக்கோழி வைத்திருந்தாள். குப்பையைக் கிளறித் தின்னும் அவற்றுக்கு வளையமும் கிடையாது, பாசியும் கிடையாது. வாரம் ஒருமுறை செங்கமலத்தின் கொட்டகைக்கு எரு அள்ள வருவாள். வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி ஒன்று முன்பு இருந்தது. எல்லாம் பச்சையாக எரியும்போது அது எதற்கு என்று செங்கமலம் அதைக் கவிழ்த்துப் போட்டு ஒரு வருடமாயிற்று.

ஒரு காலையில் வள்ளாத்தா எருக்கூடை இல்லாமல் வந்து நின்றாள்.

"முப்பதும் போயிருச்சு கண்ணு. முந்தாநாள் வரைக்கும் ஓடியாடிட்டுத்தான் இருந்துதுங்க."

கால்நடை மருத்துவர் இம்மானுவேல் இரண்டு இடத்திலும் சளி எடுத்துச் சோதித்தார். செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ரெண்டும் ஒரே வைரஸ்தாம்மா. இங்கிருந்துதான் அங்க போயிருக்கு."

"என்ற கோழி வளையமெல்லாம் பச்சையா இருக்குதுங்களே சார்!"

"பாசி துருவைத்தான் அடக்குது, வைரஸைக் கொல்லல. உங்க கோழிக்கு நோவு தெரியல. அதனால நமக்கும் தெரியல."

தொட்டியைக் கவிழ்த்த கையைச் செங்கமலம் அன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளாத்தா திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது.

நாலு மாதம் அடைபட்டு, கிருமி ஒழிந்து கொட்டகை திறந்தபோது புதிய சட்டம் காத்திருந்தது. ஒவ்வொரு பண்ணையிலும் பத்துக் கோழிக்குப் பாசி போடக்கூடாது. நோய் வந்தால் அவை துடிக்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் பிழைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பத்து என்பதை மட்டும் பண்ணைக்காரரே முடிவு செய்துகொள்ளலாமாம். என்ன தாராள மனசு!

செங்கமலம் வாசலோர வரிசையில் பத்தைத் தேர்ந்தெடுத்தாள். கண்ணுக்கு மறைவாக எங்கோ மூலையில் அவற்றை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் வெறும் மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டுப் பாசி வாளியோடு கடப்பாள். வாசனைக்குப் பத்தும் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டும். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒருநாள், பத்தில் ஒன்றின் வளையம் அவள் கண்ணெதிரே சிவந்தது. இறகு சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்திருந்தது அது. கதவு அவள் பின்னால் தானாக அடைபட்டது. செங்கமலம் போனை எடுத்தாள்.

"அக்கா, புதுசா வாங்குன குஞ்சுங்கள உள்ள புடிச்சு அடைங்க. இந்தப் பக்கம் வந்துராதீங்க."

"அடைச்சுட்டேன் கண்ணு," என்றாள் வள்ளாத்தா, மூச்சு வாங்க.

பின்னால் கிட்டத்தட்ட எட்டாயிரம் கோழிகள் ஒன்றும் அறியாமல் கொத்திக்கொண்டிருந்தன. செங்கமலம் சிவந்த வளையத்தின் முன் மண்டியிட்டு, சட்டம் தடுத்த பாசியை ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினாள்.

"சேதி சொல்லிட்டியல்லோ," என்றாள். "இனித் தின்னு சாமி."

கோழி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. தின்னவில்லை.