மணல்பரப்பி கேட்ட சிரிப்பு

கரையைக் கடல் அரிக்காமலிருக்க, வெள்ளாங்குப்பத்துக் கடலடியில் மணல்பரப்பிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆமை அளவு இயந்திரங்கள். ஓரிடத்து மணலை உறிஞ்சி இன்னோரிடத்தில் துப்பும். எங்கே துப்புவது என்று அவற்றுக்குச் சொல்பவை, அலைமேல் நின்று சறுக்கும் அலையேறிகளின் அலைப்பலகைகள். பலகையின் அடியில் ஒட்டிய செவிச்சில்லு, அலையேறிகள் எங்கே குதூகலமாகக் கூவுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லும். கூச்சல் கூடினால் மணல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

இது நீலவேணியின் யோசனை. கரைக்காப்புக் குழுவில் அலையேறிகளின் சார்பில் உட்கார்ந்திருந்தவள் அவள். "நல்ல அலை வந்தா நாங்க தானா கூவுவோம் சார். அதவிட அளவுகோல் இன்னா வேணும்?" என்று அடித்துப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள். பொறியாளர் கோமதிநாயகத்துக்கு அரை மனசுதான். அவரிடம் கருங்கல் சுவருக்கான திட்டம் தயாராக இருந்தது. சுவர் வந்தால் ஊர் பிழைக்கும், அலை போய்விடும். நீலவேணி முதன்முதலில் எழுந்து நின்ற அலை அது.

புயல் ஓய்ந்த மறுநாள் சோதனை வைத்தார்கள். குழு முழுவதும் கரையில் நின்றது. கரையைக் கடல் கொஞ்சம் அரித்திருந்தாலும் சுவர்தான் என்று பேச்சு.

நீலவேணி கையால் நீரை வலித்துக்கொண்டு போய், பெரிய அலையாகப் பார்த்து ஏறினாள். மாநிலக் கோப்பை வாங்கியவள் என்ற மரியாதையெல்லாம் அலைக்கு இல்லை. அவள் எழுந்ததும் செங்குத்தாகக் கவிழ்ந்தது. பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து வந்த தேசிங்கும் அதே இடத்தில் குப்புறப் போனான். இப்போது நீலவேணியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அடப்பாவி தேசிங்கு! நாம நல்லா ஓட்டுனா கொஞ்சமா கூவுறோம். எவனாச்சும் உருண்டாத்தான் ஊரே கேக்குற மாதிரி சிரிக்கிறோம். நம்மள உருட்டத்தான்டா அந்த மணல்பரப்பி மணலைக் கொட்டி வச்சிருக்குது!"

எல்லாம் போயிற்று என்று கலங்கியபடி கரையேறினாள். கோமதிநாயகம் நுரையில் முழங்கால்வரை நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது கொட்டுன மேட்டுல மோதி அலை தூரத்துலயே கவுந்துடுதும்மா. கரைக்கு வர்றப்ப அலைக்குத் தெம்பே இல்ல. மணல் அப்படியே இருக்கு. சுவர் வேண்டாம்!"

நீலவேணி துள்ளிக் குதித்தாள். குதித்து முடித்த பிறகே அடுத்த கவலை வந்தது.

"ஆனா அதுல நிக்க முடியலயே சார்?"

"ஒரு வாரம் யாரு விழுந்தாலும் சிரிக்காதீங்க, நல்லா ஓட்டுனா மட்டும் கூவுங்க. கரையக் காப்பாத்துற மேட்டை விட்டுட்டு, ஓரத்துல மட்டும் உங்களுக்குச் சரியா பரப்பிக் குடுத்துடும்."

சிரிப்பதில்லை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். மறுநாள் காலை உதட்டைக் கடித்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். தானும் ஒருமுறை ஏறிப் பார்க்கிறேன் என்று, இரவல் பலகையும் அரைக்கால் சட்டையுமாகக் கோமதிநாயகமும் வந்தார்.

விழுந்தார். முதலில் சிரித்தவள் நீலவேணி. கடலடியில் மணல்பரப்பிகள் அந்த மேட்டை இன்னும் ஒரு சாண் உயர்த்தின.