ஈரக் குடைக்காரி

ஒசாகாவின் அந்தப் பச்சின்கோ சூதாட்டக் கூடத்தில் பேய்களுக்கு முகம் கிடையாது. விளையாட வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும்.

கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சபாபதி, ‘ஈரக் குடைக்காரி’ என்ற பொறியின் முன் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். எஃகுக் குண்டுகள் சடசடவென்று மேலேறி, ஆணிகளில் மோதிச் சிதறி இறங்கின. கைப்பிடிக்குள் இருந்த அச்சமானி அவர் நாடியைப் பிடித்தது. தலைக்கு மேலிருந்த நினைவுவாங்கி மனத்தைத் துழாவியது. எந்த முகம் ஆளைப் பதறவைக்கிறதோ, அதை எடுத்துப் பழைய திகில் படத்துப் பேய்க்கு மாட்டிவிடும். பதற்றம் ஏற ஏற நடுக்குழியின் வாய் அகலும். குண்டுகள் உள்ளே கொட்டும், அதுதான் வெற்றி. அந்த நகரத்தில் பாதிப் பேர் மாலையில் இப்படிப் பயந்து களைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

திரையில் மின்தூக்கியின் கதவு திறந்தது. சொட்டும் குடையோடு ஒருத்தி வெளியே வந்து கூந்தலை விலக்கினாள்.

குமுதவல்லி. போன மழைக்காலத்தில் இறந்துபோன அவர் மனைவி.

சபாபதிக்கு இதயம் தொண்டையில் வந்து அடித்தது. பொறி அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டது.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. புரிந்த படங்கள் பேய்ப் படங்கள் மட்டும்தான். அலறலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே. ஞாயிறுதோறும் போவார்கள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, “போயிடுச்சா? போயிடுச்சாங்க?” என்று கேட்டபடியே விரலிடுக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். திரும்பும் வழியில் முடியை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு அவரைத் துரத்துவாள். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

சபாபதி தினமும் வரத் தொடங்கினார். அவரைத் தேடிக்கொண்டு ஒருநாள் மகள் நித்திலா வந்தாள்.

“என்னப்பா இது? அம்மாவப் பேயாக்கி வச்சு விளையாடுறீங்களா?”

“கத்தாதம்மா. கொஞ்சம் பாரு.”

கதவு திறந்தது. வெளியே வந்த பேய், பயமுறுத்துவதற்கு முன்னால், அம்மா வீட்டு வாசலில் செய்வதைப் போலவே குடையை ஓரமாக உதறிவிட்டுத் தரையைப் பார்த்தது, ஈரம் பட்டுவிட்டதா என்று. நித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பின் அவள் அப்பாவைத் தடுக்கவில்லை.

நாளாக ஆக, சபாபதியின் நெஞ்சு அமைதியானது. அவளைப் பார்த்ததும் புன்னகை வந்தது. அன்றைக்கு என்ன சமைத்தார் என்று திரையிடம் சொன்னார். நடுக்குழி சுருங்கியே கிடந்தது. ஒரு மாலை குமுதவல்லியின் கன்னம் கலங்கி, யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் சாயல் எட்டிப் பார்த்தது.

சபாபதி கூடத்துப் பணிப்பெண் ஹிசாகோவை அழைத்தார். காதிலிருந்த மொழிமாற்றி அவள் சொன்னதைத் தமிழாக்கியது.

“பழுது ஒன்றுமில்லை ஐயா. நீங்கள் அந்த முகத்துக்குப் பயப்படுவதில்லை. பொறி வேறு முகம் தேடுகிறது.”

“நான் பயப்பட்டா அவ திரும்ப வருவாளா?”

“உண்மையாகப் பயப்பட்டால்.”

சபாபதி முயன்றார். மூச்சை அடக்கினார். அவள் கடைசியாகக் கிடந்த மருத்துவமனைக் கட்டிலை நினைத்துப் பார்த்தார். துக்கம்தான் வந்தது, பயம் வரவில்லை. அந்நியச் சாயல் மேலும் தெளிந்தது. அவள் போய்விடப் போகிறாள், இந்தக் கண்ணாடிக்குள்ளிருந்தும் போய்விடப் போகிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைப்பிடியை இறுகப் பற்றினார். முதுகில் வேர்வை வழிந்தது.

அச்சமானியின் முள் எகிறியது. நினைவுவாங்கி ஒரு கணம் துழாவி, தேடியதைக் கண்டெடுத்தது.

மின்தூக்கியின் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

நடுக்குழி முழுதாக வாய் பிளந்தது. விளக்குகள் எரிந்து அணைந்தன. குண்டுகள் தட்டை நிறைத்து அவர் மடியில் வழிந்து தரையெங்கும் உருண்டன. பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

ஹிசாகோ ஓடிவந்து குனிந்து வணங்கினாள். “வாழ்த்துகள் ஐயா! உங்களுக்கான படத்தைப் பொறி கண்டுபிடித்துவிட்டது. குழி முழுதாகத் திறந்துவிட்டால் இனி அதை மாற்றவே மாற்றாது.”